எண்பது பக்கக் கொப்பி

மலிபன் வீதியில் எங்கள் கடைப் பெயர்ப்பலகையில்
தொலைபேசி இலக்கத்துக்கு இன்னும் ஆறு எண்கள்தான்.
யாரும் அழைப்பதில்லை.
அழைத்தாலும் கிடைக்காது.

நான் கணக்கு.
கணக்கெழுதுகிறவள் என்பதன் சுருக்கம் அது.
"கணக்கு, இங்க வாங்க" என்பார் ஹில்மி முதலாளி,
பதினோரு வருடமாய்.

டொலர் ஏறிய வாரம்
அவர் ஜும்ஆவுக்குப் போய்த் திரும்புவதற்குள்
நான் சொன்ன விலை பொய்யாகிவிட்டது.
காகிதம் ஏற்றி வந்த கொள்கலன்
துறைமுகத்தில் நின்றது, சுங்கத்துக்கும் வங்கிக்கும் நடுவே,
நாளுக்கு நாள் வாடகை ஏற.
"பிள்ளய ஆஸ்பத்திரியில வச்ச மாதிரி" என்றார்.
பகலில் மூன்று தடவை போய்ப் பார்த்து வந்தார்.
பார்க்க என்ன இருக்கிறது?
மதில். மேலே முள்ளுக்கம்பி.

விலைத்துண்டு ஒட்டுவது ரிஸ்னியின் வேலை.
பழையதை உரிக்க நேரமில்லை, மேலேயே ஒட்டினான்.
ஒரு ஸ்டேப்ளர்ப் பெட்டியில் ஏழு விலை.
விரலால் தடவினால்
சின்னதாய் ஒரு மேடு.

பிறகு கொப்பியைக் குறைத்தோம்.
எண்பது பக்கம் எழுபத்திரண்டானது, யாரும் எண்ணவில்லை.
அறுபத்து நான்கானது.
அட்டையில் எண்பது என்றே இருந்தது;
பழைய அட்டை இருபதாயிரம் மிச்சம், எறிய மனமில்லை.
இரவு நித்திரை வரவில்லை என்றார் முதலாளி.
மறுநாள் ஒரு ரப்பர் முத்திரை செய்து வந்தார்: 64.
அதைக் குத்தினோம்,
மின்வெட்டில், போன் வெளிச்சத்தில்,
நானும் ரிஸ்னியும்
மூட்டை வராமல் சும்மா நின்ற நாட்டாமி செவனுவும்.
செவனுவுக்கு வாசிக்கத் தெரியாது.
அவர் குத்தியதில் பாதி தலைகீழ்.
அறுபத்து நான்கைக் கவிழ்த்தால்
எந்த எண்ணும் இல்லை அது.
அவற்றையும் விற்றோம்.

ஒரு தாய் வந்தாள், கிராண்ட்பாஸிலிருந்து, நடந்து.
"தவணை முடியமுன்ன கொப்பி முடிஞ்சிட்டு.
எண்பதுன்னுதானே போட்டிருக்கு?"
பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த முத்திரையை
ஏதோ கம்பனி அடையாளம் என்று நினைத்திருக்கிறாள்.
புதிதாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.
அன்றைய ஏட்டில் "சேதம், 1" என்று எழுதினேன்.
முதலாளி பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

கொள்கலன் வந்தபோது
ஓரத்து றீம்கள் ஈரம் குடித்து ஊதியிருந்தன.
அதைக் காயவைத்துப் பில் புத்தகம் அடித்தோம்.
கண்டிக் கடைகளுக்கு வாட்ஸப்பில் விலை போகிறது இப்போது,
காலையில் ஒன்று, அசருக்குப் பிறகு ஒன்று.
செவனு ஆட்டோவில் பார்சல் ஏற்றுகிறார்,
பெட்டியில் அம்புக்குறி மேலே இருக்கவேண்டும் என்று
ரிஸ்னி சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

வர்த்தகச் சங்கம் ஒரு கருத்தரங்கு வைத்தது,
காலிமுகத்திடல் பக்கம், குளிரூட்டிய மண்டபத்தில்.
"மாற்ற முகாமைத்துவம்" என்றார்
கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி.
வளர்ந்துவரும் நாடுகளின் நிறுவனங்கள்
நெகிழ்ச்சியோடு இருக்கவேண்டுமாம்.
முதலாளி நெகிழ்ந்து, கதிரையில் சரிந்து,
எட்டு மாதத்தில் முதல் தடவையாக உறங்கினார்.
எழுப்பவில்லை நான்.
அவர்கள் கொடுத்த குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.
நல்ல காகிதம். பழக்கதோஷத்தில் எண்ணினேன்:
நாற்பது ஒற்றை, எண்பது பக்கம், குறைவில்லை.
எந்தக் கடையில் வாங்கினார்களோ.

திரும்பி வந்து கேட்டேன்,
பெயர்ப்பலகையையாவது மாத்துவோமா?
அண்ணாந்து பார்த்தார், கையை நெற்றிக்கு வைத்து.
"அந்த நம்பர் வேல செய்யுதா?"
"இல்ல."
"அப்ப இருக்கட்டும், கணக்கு.
கடன்காரன் அதுல எடுக்கட்டும்."